வெளியான ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகத்தின் ஆய்வுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில கேள்விகள் சத்தமாக வரும். "இந்த ஜர்னல் ஸ்கோபஸில் இருக்கா சார்?" (ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களின் தரவுப் பட்டியல்), "இந்த பிடிஎஃப் எடுத்துத் தர முடியுமா?" சில கேள்விகள் மட்டும் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். "வெளிவந்த பேப்பரை ரிட்ராக்ட் பண்ணினா என்ன ஆகும் சார்?" என்பது அந்த வகை. இத்தனை வருடமாகத் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ரிட்ராக்ட் செய்தால் கட்டுரையை அழித்துவிடுவார்களா?

மாட்டார்கள். கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கும், இணையத்தில் அதன் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணும் மாறாது. தலைப்புக்கு முன்னால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சேர்ப்பார்கள். பிடிஎஃபின் பக்கங்களில் அதே சொல் குறுக்கே விழும். ஏன் எடுத்தோம் என்று சொல்லும் தனி அறிவிப்பு ஒன்றும் வெளியாகும்.

லான்செட் என்ற மருத்துவ இதழில் 1998 பிப்ரவரி 28 அன்று ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் வேறு பன்னிரண்டு பேரும் எழுதி வந்த கட்டுரையை இன்றைக்கும் இறக்கிப் பார்க்கலாம். பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக்கொண்டு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட வழி செய்த கட்டுரை. மொத்தம் ஐந்து பக்கம். குறுக்கே பெரிய சிவப்பு எழுத்துகள். அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கும் வாசகத்தைச் சிரமமில்லாமல் படிக்கலாம். படிக்க முடிய வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் தப்பான பத்திரத்தை யாரும் கிழித்துப் போடுவதில்லை. ரத்துப் பத்திரம் ஒன்று எழுதுவார்கள், வில்லங்கச் சான்றிதழில் இரண்டும் தெரியும். அதே கதைதான் இங்கேயும். அந்தக் கட்டுரையை நம்பி ஏற்கெனவே யாராவது எதையாவது கட்டியிருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்து பார்க்கும்போது வெற்று மனை இருக்கக் கூடாது.

முழுவதுமாக நீக்குவதும் உண்டு, ஆனால் அபூர்வம். நோயாளி யாரென்று தெரிந்துவிடும் விவரம், அவதூறு, படித்து அப்படியே செய்தால் உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரி காரணம் இருந்தால்தான்.

திருத்தம் போட்டால் போதாதா? எப்போது திருத்தம், எப்போது ரிட்ராக்ஷன்?

பிழையை எடுத்துவிட்டால் கட்டுரை நிற்குமா, விழுமா? அதைத்தான் பார்க்க வேண்டும். நிற்கும் என்றால் திருத்தம். விழும் என்றால் திரும்பப் பெற வேண்டும். இன்னும் தெரியவில்லை, விசாரணை இழுத்துக்கொண்டே போகிறது என்றால், இடைக்காலமாக ஓர் 'ஐயக் குறிப்பு' போடுவார்கள். இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படியுங்கள் என்று அர்த்தம்.

சொல்வதற்கு எளிது, முடிவெடுப்பது கடினம். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்களின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்றது அது. ஐரோப்பாவில் செலவைக் குறைக்க வாதாடியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பை வாங்கித் திறந்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் இருபது நாடுகளையும் சேர்க்காமல் பதினைந்தோடு நின்றுவிட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கில் இல்லை. இதோடு வேறு சில தேர்வுகளையும் சரிசெய்தால், மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 சதவீதம் ஆகிவிட்டது. ஆனாலும் அது திரும்பப் பெறப்படவில்லை, திருத்தம் மட்டும்தான் வந்தது. கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற அடிப்படை அப்படியேதான் இருக்கிறது என்பது ஆசிரியர்கள் கட்சி. எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. ஆனால் கோடு எங்கே விழுகிறது என்பது எவ்வளவு வாதத்துக்கு உரியது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என்னென்ன காரணங்களுக்காகத் திரும்பப் பெறுகிறார்கள்?

இதழாசிரியர்களுக்கு வழிகாட்ட 1997இல் பிரிட்டனில் தொடங்கிய கோப் என்ற அமைப்பு இதற்கு நெறிமுறை வைத்திருக்கிறது. முடிவுகளை நம்ப முடியாத அளவுக்குப் பிழை, இட்டுக்கட்டிய தரவு, அடுத்தவர் எழுத்தைத் திருடியது, ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் போட்டது, அனுமதி இல்லாமல் தரவைப் பயன்படுத்தியது, ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் மனிதர்மீதோ விலங்குமீதோ செய்த ஆய்வு, வெளியிடும் முன் துறை அறிஞர்கள் தரும் மதிப்பீட்டில் தில்லுமுல்லு, மறைத்த பணத் தொடர்பு. சில நேரம் பதிப்பகமே கை தவறி ஒரே கட்டுரையை இருமுறை வெளியிட்டுவிடும். அதற்கும் இதே பெயர்தான்.

இவற்றில் எது அதிகம்? ஃபாங், ஸ்டீன், காசடெவல் மூவரும் 2012இல் உயிரியல், மருத்துவத் துறைகளில் திரும்பப் பெறப்பட்ட 2,047 கட்டுரைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 67.4 சதவீதம் முறைகேடு, 21.3 சதவீதம் பிழை. 'ரிட்ராக்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் திருட்டு என்று மனசு ஓடுவதற்கு இதுதான் காரணம். ஐந்தில் ஒன்று வெறும் தவறு என்பதை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

தவறு என்னுடையது. வேண்டுமென்று செய்யவில்லை. நானே போய்ச் சொன்னால் பெயர் கெட்டுவிடுமா?

குரலைத் தாழ்த்திக் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் மண் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வயலில் எழுதிய நோட்டின் நகல், இன்னொன்று கட்டுரைக்குப் பயன்படுத்திய எக்செல் தாளின் அச்சு. நோட்டில் முதல் வயல் மண்ணின் அமில-கார அளவான பிஎச் 8.1, விளைச்சல் குறைவு. எக்செல்லில் அதே வயலுக்கு 5.4. அடுத்த வரி 5.5, அதற்கடுத்து 5.5, 5.6. பிஎச் பத்தி மட்டும் சின்னதிலிருந்து பெரியதாக அழகாக வரிசையில் நின்றது. ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் பட்டனைத் தட்டியிருக்கிறார், மற்ற பத்திகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. கட்டுரை வெளிவந்து எட்டு மாதம் கழித்து, ஆய்வேட்டுக்குப் புதிதாக வரைபடம் போடும்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது. "யாருக்கும் தெரியாது சார்" என்றார். பிறகு அவரே, "எனக்குத் தெரியுமே" என்றார்.

இதழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அறிவிப்பில் 'தரவை வரிசைப்படுத்தியதில் நேர்ந்த பிழையை ஆசிரியர்களே கண்டுபிடித்துத் தெரிவித்தனர்' என்ற வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் நாங்கள் பத்து மின்னஞ்சல் அனுப்பினோம். இன்று அவர் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறார்.

உலகம் அறிந்த உதாரணமும் இருக்கிறது. பிரான்சஸ் அர்னால்டு 2018இல் வேதியியல் நோபல் வாங்கியவர். அடுத்த ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த அவருடைய குழுவின் நொதி பற்றிய கட்டுரையில் சொன்னது மறுபடி செய்து பார்த்தபோது வரவில்லை. முதல் ஆசிரியரின் ஆய்வக நோட்டைப் புரட்டினால் முக்கியமான சோதனைகளுக்கான மூலத் தரவும் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டு அவரே ட்விட்டரில் எழுதினார்: எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அனுப்பிய நேரத்தில் கொஞ்சம் வேலை மும்முரம், என் வேலையை நான் சரியாகச் செய்யவில்லை என்று. கீழே குவிந்ததில் திட்டைவிடப் பாராட்டுதான் அதிகம்.

கலிபோர்னியாவில் நெல்லின் நோய் எதிர்ப்பை ஆராயும் பமேலா ரோனால்டின் கதையும் அப்படித்தான். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய முடிவு வரவே இல்லை. தேடிப் பார்த்தால் பாக்டீரியா வகை ஒன்றின் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது. 2013இல் இரண்டு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார், சயன்ஸில் வந்தது அவற்றில் ஒன்று.

கணக்கும் இதையே சொல்கிறது. லூ, ஜின், உஸ்ஸி, ஜோன்ஸ் நால்வரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் அந்த ஆசிரியரின் பழைய கட்டுரைகளுக்கும் மேற்கோள் குறைகிறது. ஆனால் ஆசிரியரே முன்வந்து பிழையைச் சொன்ன இடங்களில் அந்தச் சரிவு தென்படவில்லை.

இதெல்லாம் நோபல்காரருக்குச் சரி, நமக்கு? நியாயமான கேள்வி. தற்காலிக வேலையில் இருக்கும் உதவிப் பேராசிரியருக்கும் நோபல்காரருக்கும் விழும் அடி ஒன்றல்ல. நம் ஊரில் காரணம் எதுவானாலும் 'அவர் பேப்பரை எடுத்துட்டாங்களாம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதனால்தான் அறிவிப்பின் வாசகம் முக்கியம் என்கிறேன். பிறர் கண்டுபிடித்து எழுதும் அறிவிப்பில் உங்களுக்குச் சாதகமாக ஒரு சொல்கூட இருக்காது.

சரி, கடிதத்தில் என்ன எழுதுவது?

கட்டுரையின் தலைப்பு, டிஓஐ. பிழை எது, எந்தப் பக்கம், எந்த அட்டவணை. எப்படி நேர்ந்தது, எப்போது, யார் கண்டுபிடித்தது. அதனால் எந்த முடிவு மாறுகிறது, எது மாறவில்லை. உடன் எழுதிய எல்லோருக்கும் தெரியுமா, சம்மதமா. சரியான தரவு இருந்தால் இணைப்பு. ஒன்றரைப் பக்கம் போதும். தன்னிலை விளக்கமும் குடும்ப நிலைமையும் வேண்டாம்.

வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் எழுதலாமா?

எழுதலாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஆசிரியராகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் சாரிடம் எழுத்தில் சொல்லுங்கள், மின்னஞ்சலில், தேதியோடு. பேச்சு வாக்கில் சொன்னதைப் பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூலத் தரவின் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் இன்னும் கையில் வராதவருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம், செய்வது அவருக்குச் சுலபமில்லை என்று தெரியும். துறைத் தலைவரோ ஆராய்ச்சிப் புல முதல்வரோ நம்பத் தகுந்தவராக இருந்தால் அவர் வழியாகப் போவது நல்லது.

ஆசிரியர்கள் யாருமே சம்மதிக்காவிட்டால் இதழால் திரும்பப் பெற முடியுமா?

முடியும். கடைசி முடிவு இதழாசிரியருடையது. ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்பார்கள், அவர்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு எழுதுவார்கள், யார் உடன்பட்டார் யார் உடன்படவில்லை என்று அறிவிப்பில் பதிவார்கள்.

இதில் அண்மைக்காலத்தில் பெரிய சண்டை கிளப்பியது ஆர்சனிக் கட்டுரை. கலிபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரசுக்குப் பதில் ஆர்சனிக்கைத் தன் டிஎன்ஏவுக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று பெலிசா உல்ஃப்-சைமனும் அவரது குழுவும் 2010 டிசம்பரில் சயன்ஸில் எழுதினார்கள். நாசா பத்திரிகையாளர் கூட்டமே போட்டது. மறுப்புகள் குவிந்தன. இதழே எட்டு மறுப்புக் குறிப்புகளைச் சேர்த்து அச்சிட்டது. 2012இல் இரண்டு குழுக்கள் சோதித்துப் பார்த்து, அப்படி இல்லை என்றன. அதோடு விவகாரம் ஆறிப்போயிற்று. பதினைந்து வருடம் கழித்து, 2025 ஜூலை 24 அன்று, சயன்ஸ் அதைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று யாரும் சொல்லவில்லை. சோதனைகள் முடிவைத் தாங்கவில்லை, அதுவே போதும் என்பது இதழின் நிலை. ஆசிரியர்கள் ஒப்பவில்லை. தவறாகிப்போன கருத்தையெல்லாம் திரும்பப் பெறத் தொடங்கினால் பாதி நூலகத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று அவர்கள் பக்கம் பேசியவர்களும் உண்டு.

நான் இதில் இதழின் பக்கம். 'திரும்பப் பெறப்பட்டது' என்பது வாசகருக்குச் சொல்லும் தகவல், எழுதியவருக்குக் கொடுக்கும் தண்டனை இல்லை. ஆனால் அந்தச் சொல் இத்தனை வருடமாகத் தண்டனையாகவே புழங்கிவிட்டது என்பதும் உண்மை. நேர்மையாக வேலை செய்த ஒருவர் அதைத் தன் பெயர்மேல் ஒட்டும்போது துடிப்பதில் வியப்பில்லை.

எவ்வளவு காலம் ஆகும்?

மூன்று நாளும் ஆகலாம், பதினெட்டு வருடமும் ஆகலாம்.

2024 பிப்ரவரியில் பிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் இதழ் ஒன்றில், செயற்கை நுண்ணறிவு வரைந்த எலிப் படம் வந்தது. எலியைவிடப் பெரிய பிறப்புறுப்பு, பக்கத்தில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். மதிப்பீட்டாளர்களைத் தாண்டி, இதழாசிரியரைத் தாண்டி, அச்சேறிவிட்டது. ஊரே சிரித்தது, மூன்றே நாளில் எடுத்துவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் லான்செட்டுக்குப் பதின்மூன்று நாள் ஆயிற்று. 2020 மே 22 அன்று வந்த கட்டுரை அது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள், ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுத்தவர்களில் சாவு அதிகம் என்றது. மூன்றே நாளில் உலக சுகாதார அமைப்பு தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. தரவு முழுக்க சர்ஜிஸ்பியர் என்ற சின்ன நிறுவனத்திடமிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாகக் கட்டுரையில் இருந்தது, ஆனால் அன்றைக்கு நாடு முழுவதுமே 67 சாவுதான் பதிவாகியிருந்தது. ஆசிய மருத்துவமனை ஒன்றை ஆஸ்திரேலியாவில் தவறிச் சேர்த்துவிட்டோம் என்று சமாளித்தார்கள். தணிக்கைக்கு மூலத் தரவைக் கேட்டபோது நிறுவனம் தர மறுத்தது. நிறுவனத்தின் தலைவரும் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். மற்ற மூன்று ஆசிரியர்களும் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே தரவுக் கிடங்கை நம்பி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரையும் அன்றே போயிற்று.

அந்த மருந்துக்குப் பரிந்து பேசி, அந்தப் பரபரப்பையே தொடக்கிவைத்த பிரெஞ்சுக் கட்டுரை 2020 மார்ச்சில் வந்தது. அதைத் திரும்பப் பெற 2024 டிசம்பர் ஆயிற்று. வேக்ஃபீல்டு கட்டுரைக்குப் பன்னிரண்டு வருடம். அல்சைமர் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் காரணம் காட்டி 2006இல் நேச்சர் இதழில் வந்த லெஸ்னே குழுவின் கட்டுரை, அதன் படங்களில் கைவைத்திருக்கிறார்கள் என்று 2022இல் புகார் வெளியாகி, 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 2,500 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது.

ஏன் இவ்வளவு தாமதம்? இதழ் நிறுவனத்துக்கு எழுதும், நிறுவனம் குழு போடும், குழு கூடாது, வக்கீல் நோட்டீஸ் வரும். நம்மூர் வாய்தா மாதிரிதான்.

'பேப்பர் மில்' என்கிறார்களே, அது என்ன?

வாட்ஸ்அப்பில் வந்திருக்கும், பார்த்திருப்பீர்கள்: 'ஸ்கோபஸ் பேப்பர் தயார், முதல் ஆசிரியர் இடம் காலி, உடனே தொடர்பு கொள்ளவும்.' பஸ்ஸில் சீட்டுப் போடுகிற மாதிரி ஆசிரியர் இடத்தை விற்பது. ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கடைகளுக்குத்தான் அந்தப் பெயர்.

இவர்கள் திருட்டு கண்டுபிடிக்கும் மென்பொருளுக்குத் தப்புவதற்காக அடுத்தவர் கட்டுரையை எடுத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றும் கருவியில் போடுவார்கள். அது கலைச்சொல் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடும். தமிழில் சொல்வதென்றால், 'செயற்கை நுண்ணறிவு' என்பது 'கள்ள சுயநினைவு' ஆகும், 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சு ஆபத்து' ஆகும். ஆங்கிலத்தில் அச்சாகி வந்த சொற்கள் இப்படித்தான் இருந்தன. பிரான்சின் கியோம் கபனாக், சிரில் லாபே முதலியோர் 2021இல் இந்த 'சித்திரவதைச் சொற்களை'ப் பட்டியல் போட்டு, அவற்றைத் தேடும் நிரலும் எழுதினார்கள். வலை வீசினால் ஆயிரக்கணக்கில் விழுந்தன.

இன்னொரு வழி, மதிப்பீட்டாளர் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்துவிடுவது. தென்கொரியாவில் ஹ்யுங்-இன் மூன் என்பவர், இதழ் கேட்டபோது மதிப்பீட்டாளர்கள் என்று சில பெயர்களைக் கொடுத்தார், மின்னஞ்சல் முகவரி மட்டும் தன்னுடையது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பாராட்டி மதிப்பீடு வந்துவிட்டது. அதுதான் காட்டிக் கொடுத்தது. உண்மையான மதிப்பீட்டாளர் எவர் ஒரு நாளில் பதில் அனுப்பியிருக்கிறார்?

இவையெல்லாம் சேர்ந்து வெடித்தது ஹிண்டாவி பதிப்பகத்தில். வைலி நிறுவனம் 2021இல் அதை வாங்கியது. ஹிண்டாவியின் சிறப்பிதழ்களில் விருந்தினர் இதழாசிரியர்களே கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள், வேலியே பயிரை மேய்ந்த கதை. 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளை எடுத்தார்கள். உலகம் முழுவதும் அந்த ஆண்டு திரும்பப் பெற்றவை 10,000ஐத் தாண்டியது இதனால்தான். ஹிண்டாவி என்ற பெயரையே பிறகு கைவிட்டார்கள்.

இதில் சிக்கிய பல பேர் ஏமாற்றுக்காரர்கள் அல்ல, பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்ட அமைப்பில் மாட்டியவர்கள் என்று சொல்வார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். பணம் கொடுத்து இடம் வாங்கியவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும்.

இந்தியாவில் இதற்கு என்ன விளைவு?

பழைய கதையிலிருந்து சொல்கிறேன். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் விஷ்வஜித் குப்தா இமயமலையில் கிடைத்ததாகப் பல ஆண்டுகள் தொல்லுயிர்ப் படிவங்களைப் பற்றி எழுதிக் குவித்தார். ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட் 1989இல் நேச்சரில் அதை உடைத்தார். இமயமலைப் படிவங்களில் சில அச்சு அசலாக நியூயார்க் மாநிலத்து ஓடைக்கரைப் படிவங்களாக இருந்தன, சில மொராக்கோவிலிருந்து வந்தவை போல இருந்தன. விசாரணை நடந்தது, வேலை போகவில்லை.

இப்போது காற்று கொஞ்சம் மாறுகிறது. தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃபில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்போம் என்று 2025இல் அறிவித்தார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டது, ஆனால் பல இடங்களில் உள்விதியாக அது உயிரோடுதான் இருக்கிறது. மதிப்பெண் குறைப்பில் எனக்கு ஒரு பயம்: மோசடியையும் நேர்மையான பிழையையும் ஒரே தட்டில் வைத்தால், கல்லூரி நிர்வாகம் முதலில் அமுக்கப் பார்ப்பது அந்த மண் ஆய்வு மாணவியைப் போன்றவரைத்தான்.

பிஎச்டி பட்டம் பறிபோகுமா?

ஒரு கட்டுரை போனதாலேயே பட்டம் தானாகப் போகாது. ஆய்வேட்டில் அதே தரவு இருந்தால் பல்கலைக்கழகம் விசாரிக்கலாம். ஜப்பானின் ஹருகோ ஒபோகாடா 2014 ஜனவரியில் நேச்சரில் வெளியிட்ட குருத்தணுக் கட்டுரைகள் ஜூலையில் திரும்பப் பெறப்பட்டன. அவருடைய ஆய்வேட்டைத் தோண்டிய வாசெடா பல்கலைக்கழகம் 2015இல் பட்டத்தையும் பறித்தது. ஜெர்மனியில் யான் ஹென்ட்ரிக் ஷேன் கதை விசித்திரம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பொய்த் தரவு தயாரித்து மாட்டியவர். ஆய்வேட்டில் மோசடி இல்லை, ஆனால் பட்டத்துக்குத் தகாத நடத்தை என்று 2004இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகம் அதை ரத்து செய்தது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போய், 2014இல் பல்கலைக்கழகம் செய்தது செல்லும் என்று முடிந்தது.

கட்டுரையை வெளியிட இதழுக்குக் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது.

நான் மேற்கோள் காட்டிய கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதழின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பென்டிரைவில் 2017இல் இறக்கி வைத்த பிடிஎஃப் எதையும் சொல்லாது, அது அன்றைய நிலையில் உறைந்து கிடக்கிறது. திரும்பப் பெற்ற பின்னும் கட்டுரைகள் மேற்கோளில் உலவுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பழைய பிடிஎஃப்கள்தான்.

ஐவன் ஒரான்ஸ்கி, ஆடம் மார்கஸ் இருவரும் 2010இல் தொடங்கிய ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற வலைத்தளம் தொகுத்த, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலை, டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் வாங்கி இலவசமாகத் திறந்துவிட்டது. நூற்பட்டியல் தயாரிக்கும் ஜோடிரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது 2019 முதல் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தானாகவே எச்சரிக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முந்தின வாரம் நூற்பட்டியல் முழுவதையும் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

திரும்பப் பெற்ற கட்டுரையை மேற்கோளே காட்டக் கூடாது என்றில்லை. அது திரும்பப் பெறப்பட்டது என்று சொல்லிக் காட்ட வேண்டும்.

திரும்பப் பெற்றால் அந்தப் பொய் ஒழிந்துவிடுமா?

வேக்ஃபீல்டு கதையையே பாருங்கள். வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞரிடம் அவர் பணம் வாங்கியதைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இல் வெளிக்கொண்டுவந்தார். உடனே பதின்மூன்று ஆசிரியர்களில் பத்துப் பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பிப்ரவரி 2இல் லான்செட் முழுக் கட்டுரையையும் எடுத்தது, அதே ஆண்டு மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆனால் இங்கிலாந்தில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த தடுப்பூசி அளவு 2003–04 வாக்கிலேயே 80க்கு இறங்கியிருந்தது. திரும்பப் பெற்ற அறிவிப்பு ஆய்விதழ் படிப்பவருக்குப் போய்ச் சேர்ந்தது. வதந்தி அவர்களைத் தாண்டி எப்போதோ போயிருந்தது.

எங்கள் கல்லூரியே ஓர் இதழ் நடத்துகிறது. அதில் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். எப்படி?

இணையப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் கட்டுரையைத் தூக்கிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் வழி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, வேண்டாம். அடுத்த இதழின் உள்ளடக்கத்தில் பக்க எண்ணோடு ஓர் அறிவிப்புப் போடுங்கள். எந்தக் கட்டுரை, எந்த இதழ், என்ன காரணம், யார் முடிவு, ஆசிரியர்கள் உடன்பட்டார்களா, தேதி. 'ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்பட்டது' என்ற ஒற்றை வரி எதையும் சொல்லாத வரி. இணையத்தில் அறிவிப்புக்குப் பூட்டுப் போடாதீர்கள், பணம் கட்டாதவரும் படிக்க முடிய வேண்டும்.

அச்சுப் பிரதிகளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். எங்கள் நூலகத்தில் கட்டுத் தொகுதிகளுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைச் சீட்டு, அதில் அறிவிப்பு வந்த இதழ், பக்கம், தேதி. மைதாப் பசை தொட்டு, சீட்டின் இடது ஓரத்தை மட்டும் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒட்டுவேன். முழுதாக ஒட்டினால் தலைப்பு மறைந்துவிடும். சீட்டைத் தூக்கினால் அடியில் இருப்பதைப் படிக்கலாம்.